பிசின் தேனீ: நெல்லையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மரப்பிசினால் கூடு கட்டும் பிசின் தேனீ ஊருக்குள் அபூர்வம் என்று நான் சொல்லிவருவதால், பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, டவுண் என்று ஊருக்குள் இருந்தே இந்தப் பூச்சியின் படங்கள் எனக்கு வருகின்றன. ஜன்னல் சட்டம், பழைய உத்தரம், மாடியில் சாத்தி வைத்த மூங்கில், இப்படி ஏதாவது ஒரு ஓட்டைக்குள் கறுப்பாக ஒன்று போய் வருகிறது என்பார்கள். கூடவே வரும் சந்தேகங்களும் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அண்ணாச்சி, ஜன்னல் ஓட்டையில கறுப்பா ஒண்ணு போயிட்டுப் போயிட்டு வருது. இது வண்டா, குளவியா, தேனீயா?

அது உட்கார்ந்திருக்கும்போது வயிற்றின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே தூரிகைபோல அடர்ந்த முடியும், அதில் மஞ்சள் பொடியும் இருந்தால் தேனீதான், அதுவும் பெண் தேனீ. அடுக்குத் தேனீயும் மலைத்தேனீயும் மகரந்தத்தைப் பின்னங்காலில் உருட்டி ஒட்டிக்கொண்டு போகும். மெகாகைல் என்ற பேரினத்தைச் சேர்ந்த தேனீக்கள் வயிற்றுக்கு அடியில் அப்பிக்கொண்டு போகும். குளவிக்கு இந்த முடி கிடையாது, இடுப்பும் மெலிந்திருக்கும்.

நம் ஊர்ப் படங்களில் வருவது பெரும்பாலும் உடம்பு முழுக்கக் கறுப்பாக, வயிறு தொடங்கும் இடத்தில் மட்டும் பளிச்சென்று வெள்ளை முடிப் பட்டை உள்ள ஒன்று. தலை பெரிதாக, தாடை நீண்டு, கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தெரியும். இந்த அடையாளம் மெகாகைல் டிஸ்ஜங்க்டா என்ற பிசின் தேனீ இனத்தோடு பொருந்துகிறது. 1781-லேயே டென்மார்க் பூச்சியியலாளர் ஃபேப்ரீசியஸ் பெயரிட்டுவிட்ட இனம் இது. இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருக்கிறது.

தேனீன்னா தேன் எங்க? கூட்டைப் பிரிச்சா எடுக்கலாமா?

எடுக்க ஒன்றும் இல்லை. உலகத்தில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு. அவற்றில் தேன் சேர்த்து வைப்பவை மிகச் சில. மற்றவை பெரும்பாலும் தனித்து வாழ்பவை: ராணி, வேலைக்காரி, அடை, கூட்டம் எதுவும் கிடையாது. ஒரு பெண் தேனீ, ஒரு ஓட்டை, அவ்வளவுதான். உள்ளே இருப்பது மகரந்தமும் பூந்தேனும் குழைத்த கொஞ்சம் களி. அதுவும் குஞ்சுப்புழுவுக்கு அளந்து வைத்த சாப்பாடு.

கொட்டுமா? வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கு.

பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு. கையில் பிடித்து அமுக்கினால் கொட்டும். துரத்திக்கொண்டு வந்து கொட்டாது. காக்க வேண்டிய பெரிய கூட்டமும் தேனும் இல்லாத தேனீக்கு அந்த வேலை எதற்கு? ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. பிள்ளைகளிடம் ‘ஓட்டைக்குள் விரல் விடாதே’ என்று சொன்னால் போதும். மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சி கொளுத்திப் போடுவது எல்லாம் தேவையே இல்லை. மர உத்தரத்தில் தீயை வைத்து விளையாடுவதுதான் இதில் உண்மையான ஆபத்து.

இது கருவண்டுதானே? எங்க தாத்தா காலத்துல இருந்து பனங்கட்டைல இருக்குமே.

கருவண்டு என்று நாம் சொல்வதும் தேனீதான், ஆனால் வேறு வகை. அது பெரிது, உருண்டையாக இருக்கும், ரீங்காரம் தெருவுக்கே கேட்கும், வெயில் பட்டால் இறக்கை நீலமும் ஊதாவுமாக மின்னும். காய்ந்த மரத்தைத் தானே குடைந்து துளை போடும். பிசின் தேனீ அதில் பாதி அளவுதான், ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். வெள்ளைப் பட்டையைப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

இரண்டுக்கும் உறவு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். கருவண்டு விட்டுப்போன துளையில் பிசின் தேனீ குடியேறுவது சகஜம். உங்கள் தாத்தா காலத்துப் பனங்கட்டையில் இரண்டுமே இருந்திருக்கலாம்.

மரத்தை ஓட்டை போட்டு வீட்டைக் கெடுத்துராதா?

துளைக்கும் வேலையை இது செய்வதில்லை. வண்டு அரித்த துளை, ஆணி பிடுங்கிய ஓட்டை, மூங்கில் குழல், சுவரில் பிளக் அடித்துவிட்டு மறந்த துளை என்று ஏற்கெனவே இருப்பதைத்தான் தேடும். நிலைக்கதவு அரிபடுகிறது என்றால் கரையானையும் வண்டையும் விசாரியுங்கள்.

அந்தப் பிசினை வச்சு அப்படி என்னதான் செய்யுது?

முதலில் ஓட்டையைச் சுத்தம் செய்யும். பழைய தூசி, மரத்தூள், எறும்பின் மிச்சம் எல்லாவற்றையும் தாடையால் இழுத்து வெளியே தள்ளும். அப்புறம் மரத்திலிருந்து பிசினைக் கடித்து எடுத்து, தாடையிலேயே தூக்கிக்கொண்டு வரும். அதைக் கொண்டு துளையின் கோடியில் ஓர் அறை அமைக்கும். பல நடை போய் மகரந்தமும் பூந்தேனும் கொண்டுவந்து குழைத்து வைக்கும். அதன்மேல் ஒரே ஒரு முட்டை. பிறகு பிசினாலேயே ஒரு தடுப்பு. அந்தத் தடுப்புக்கு முன்னால் அடுத்த அறை. டிபன் கேரியரைப் படுக்க வைத்ததுபோல வரிசையாக அறைகள் இருக்கும்.

கடைசியில் வாசலை அடைக்கும்போது பிசினோடு மண், மணல், மரத்தூள் என்று கைக்குக் கிடைப்பதைக் கலந்து கெட்டியாகப் பூசிவிடும். பிசின் நீரில் கரையாது, கிருமியும் பூஞ்சணமும் அதில் எளிதில் வளராது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஊறிப்போன உத்தரத்துக்குள்ளேயும் அந்தக் களி கெடாமல் இருப்பதற்கு இந்தப் பூச்சு பெரிய காரணம். எறும்புக்கும் அதில் கால் வைக்கச் சிரமம்.

முட்டை வைப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. உள்கோடி அறைகளில் பெண்ணாகப் போகும் முட்டைகளையும், வாசல் பக்கத்தில் ஆணாகப் போகும் முட்டைகளையும் வைக்கும். கருவுற்ற முட்டை பெண், கருவுறாதது ஆண். எதை வைப்பது என்பது தாயின் கையில் இருக்கிறது. ஆண்கள்தான் முதலில் வெளியே வரவேண்டும் என்பதால் அவர்களுக்கு வாசல் பக்கம். இந்த ஏற்பாட்டைப் பற்றி எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

பிசின் எங்க இருந்து எடுக்கும்? எங்க தெருவுல வேப்பமரம் மட்டும்தான் இருக்கு.

வேம்பிலும் கருவேலத்திலும் முருங்கையிலும் வடிவதைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். ஊறிக் கொழகொழவென்று ஆகிவிடும். மழைக்குத் தாங்காத அந்த வகை கூட்டுக்கு உதவாது. தண்ணீரில் கரையாமல், காற்றுப் பட்டு இறுகும் கசிவுதான் வேண்டும். ஊருக்குள் அதற்கு முக்கியமான மரம் மாமரம். வெட்டுக்காயத்தில், கிளை முறிந்த இடத்தில் கறுப்பாக வடிந்து நிற்குமே, அது.

மேற்கே மலைக்குப் போனால் கதையே வேறு. களக்காடு முண்டந்துறைக் காட்டில் கருங்குங்கிலியம், வெள்ளைக் குங்கிலியம், கோங்கு என்று பிசின் வடிக்கும் மரங்கள் நிற்கின்றன. நாம் வீட்டில் புகை போடுகிற குங்கிலியம் அந்த மரங்களின் கசிவுதான். மலையில் பஞ்சமில்லாத சரக்கை ஊருக்குள் தேடி அலைய வேண்டியிருப்பதுதான் இந்தத் தேனீயின் பிரச்சினை. ஒரு தெருவில் மிச்சமிருக்கும் ஒற்றை மாமரத்துக்கு மதிப்பு அதிகம் என்று நான் சொல்வது மாங்காய்க்காக மட்டும் இல்லை.

கொசுத்தேனீயும் பிசின் வச்சுத்தானே கட்டுது? ரெண்டும் ஒண்ணா?

இல்லை. கொசுத்தேனீ மிகச் சிறியது, கொடுக்கில்லாதது, கூட்டமாக வாழ்வது. சுவர் ஓட்டையிலிருந்து பிசினும் மெழுகும் கலந்த ஒரு சின்னக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது கொசுத்தேனீ. அதில் தேன் உண்டு, நாட்டு மருந்துக்குத் தேடி வருவார்கள். பிசின் தேனீ குழாய் வைக்காது. வாசல் மட்டமாகப் பூசி மூடியிருக்கும். இரண்டும் ஒரே மாமரத்துக் காயத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சுரண்டினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பூட்டுத் துவாரத்துல மண்ணு வச்சு அடைச்சிருக்கு. இதுவும் அதே தேனீயா?

முழுக்க மண் என்றால் பிசின் தேனீயின் உறவுக்காரத் தேனீயாக இருக்கலாம். மெகாகைல் லனாட்டா என்று ஒன்று, முதுகில் செம்பழுப்பு முடியோடு இருக்கும். பூட்டுத் துவாரம், புத்தக முதுகு என்று மனிதர்கள் புழங்கும் இடமாகப் பார்த்து மண்ணால் கட்டும். நம் பக்கத்தில் அது சாதாரணமாகவே கண்ணில் படும். சுவரில் உருண்டையாகவோ நீளமாகவோ புடைத்து நிற்கும் மண் கூடு என்றால் குளவி. உள்ளே சிலந்தியோ பச்சைப் புழுவோ அடைத்து வைத்திருக்கும்.

குளவி கூடு கட்டினா வீட்ல விசேஷம்னு சொல்லுவாங்க. இதுக்கும் அப்படி உண்டா?

இதற்கு அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. இருந்தால் நல்லதுதான். குளவிக் கூட்டை நம் வீட்டுப் பெரியவர்கள் இடிக்க விடாமல் வைத்திருந்ததற்கு அந்த நம்பிக்கைதான் காரணம்.

உலகத்துலயே பெரிய தேனீ நெல்லைல கிடைச்சதா வாட்ஸ்அப்ல வந்துச்சே, இதுவா?

இது இல்லை. உலகின் பெரிய தேனீ மெகாகைல் புளூட்டோ. அது இந்தோனேசியாவின் வடக்கு மொலுக்காஸ் தீவுகளில் மட்டும் இருப்பது. பெண் தேனீயின் நீளமே ஏறக்குறைய 4 சென்டிமீட்டர். 1858-இல் ஆங்கிலேய இயற்கையாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் அங்கே பச்சான் தீவில் பிடித்தார். அப்புறம் 1981 வரை யார் கண்ணிலும் படவில்லை. உயிரோடு படம் எடுக்கப்பட்டது 2019 ஜனவரியில். மரத்திலிருக்கும் கரையான் கூட்டுக்குள் பிசினால் பூசிக் குடியிருக்கும்.

நம் ஊர்த் தேனீ அதே பேரினம், அதே பிசின் வேலை, அவ்வளவுதான் தொடர்பு. வாட்ஸ்அப்பில் சுற்றியது அந்தத் தீவுகளில் எடுத்த படம்.

அபூர்வம்னு எதை வச்சுச் சொல்லுதீங்க? எங்க வீட்ல வருஷா வருஷம் வருதே.

நியாயமான கேள்வி. உலகத்திலேயே அருகிவிட்ட இனம் என்று நான் சொல்லவில்லை. ஊருக்குள் அரிதாகக் கண்ணில் படுகிறது என்கிறேன். அதற்குக் காரணங்களும் உண்டு. தனித்து வாழ்வது, ஒரு கூட்டுக்கு ஒரே ஒரு தேனீதான் போய் வரும். வேலை முடிந்து வாசலைப் பூசிவிட்டால் வாரக்கணக்கில் அங்கே எந்த நடமாட்டமும் இருக்காது. பறக்கும்போது பார்ப்பவர்கள் வண்டு என்று நினைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆனால் எல்லாப் பழியையும் நம் கண்மேல் போட்டுவிட முடியாது. இதற்கு மூன்று வேண்டும்: சரியான அளவில் ஓட்டை, கரையாத பிசின், பக்கத்தில் பூ. மட்டப்பாவும் மர உத்தரமும் இருந்த வீடுகள் போய் கான்கிரீட் வந்தாயிற்று. மர ஜன்னல் போய் அலுமினியமும் யுபிவிசியும் வந்தாயிற்று. புட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, ஒரு ஆணி ஓட்டை விடாமல் அடைக்கிறோம். தோட்டத்தில் காய்ந்த கிளையைப் பார்த்தால் உடனே வெட்டுகிறோம். உங்கள் வீட்டுக்கு வருஷா வருஷம் வருகிறது என்றால், உங்களிடம் ஒரு பழைய உத்தரமும் பக்கத்தில் ஒரு மாமரமும் இருக்கிறது என்று பந்தயமே கட்டுவேன்.

விவசாயத்துக்கு இதால ஏதாவது பிரயோஜனம் உண்டா?

உண்டு, குறிப்பாகத் துவரைக்கும் சணப்புக்கும். இந்தப் பூக்களில் மகரந்தம் கீழிதழ்களுக்குள் மூடிக் கிடக்கும். கொஞ்சம் கனமான தேனீ உட்கார்ந்து அழுத்தினால்தான் மடல் இறங்கி, மகரந்தமும் சூல்முடியும் வெளியே எட்டிப் பார்த்து தேனீயின் வயிற்றில் உரசும். மெகாகைல் தேனீக்கள் மகரந்தம் சுமக்கும் இடமே வயிறு என்று முதல் கேள்வியில் சொன்னேனே, அது இங்கேதான் கைகொடுக்கிறது. துவரை தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் என்பது உண்மை. தேனீ வந்தால் செடிக்குச் செடி கலப்பும் நடக்கும். சணப்புக்கோ இப்படிப்பட்ட தேனீக்களும் கருவண்டும் வராவிட்டால் விதை பிடிப்பது கஷ்டம்.

பிசான நெல் பருவத்துக்கு முன்னால் வயலில் சணப்பு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுகிறோம். உழவைத் தள்ளிப்போடச் சொல்ல மாட்டேன், உரமாகச் சேர வேண்டிய சரியான பருவம் அதுதான். வரப்போரம் ஒரு வரிசையை மட்டும் விட்டுவைத்தால் விதைக்கும் ஆச்சு, தேனீக்கும் ஆச்சு. மானூர்ப் பக்கம் மானாவாரிப் புஞ்சையில் துவரை போடுபவர்கள் பொழியில் நிற்கும் காய்ந்த பனையை அவசரப்பட்டு விறகாக்க வேண்டாம்.

மூங்கில் கட்டி வச்சா வருமா? ஆன்லைன்ல தேனீ வீடுன்னு விக்காங்களே.

வரலாம். காசு கொடுத்து வாங்க வேண்டாம். பந்தல் போட்டு மிஞ்சிய மூங்கிலைக் கணு ஒரு பக்கம் அடைப்பாக இருக்கும்படி ஒரு ஜாண் நீளத்துக்கு நறுக்குங்கள். உள்துளை சுண்டுவிரல் கனத்தில் சிலதும் அதைவிடச் சிறிதாகச் சிலதும் இருக்கட்டும். வாய்ப்பக்கம் சிம்பு இல்லாமல் தேய்த்து, படுக்கைவாட்டில் கட்டி, மழை படாத இறவாணத்துக்குக் கீழே, காலை வெயில் விழும்படி ஆடாமல் வைக்க வேண்டும். தொங்கவிடும் கம்பியில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் எறும்பு ஏறாது.

கடையில் விற்கும் அலங்காரப் பெட்டிகளில் துளைகள் ஆழமில்லாமல் இருக்கும், சிலதில் பின்பக்கம் திறந்தே கிடக்கும். நூறு குழலை ஒரே இடத்தில் நெருக்கி வைத்தால் ஒட்டுண்ணிகளுக்குத்தான் கொண்டாட்டம். சின்னக் கட்டாக இரண்டு மூன்று இடத்தில் வைப்பது மேல்.

அதே ஓட்டைக்குச் சிவப்பு வயிறோட இன்னொண்ணு வருது. அது ஆண் பூச்சியா?

அது திருட்டுத் தேனீ. முன்பக்கம் கறுப்பு, வயிறு செங்கல் சிவப்பு என்றால் யூஆஸ்பிஸ் வகை. அது தனக்கென்று கூடு கட்டாது, மகரந்தமும் சேர்க்காது. பிசின் தேனீ மூடிவிட்டுப் போன அறையை உடைத்து உள்ளே போய், அங்கே இருக்கும் முட்டையையோ புழுவையோ அழித்துவிட்டுத் தன் முட்டையை வைக்கும். அப்புறம் அதே பிசினைக் கொண்டு திரும்ப அடைத்துவிடும்.

விரட்டணுமா என்பது அடுத்த கேள்வியாக வரும். வேண்டாம். கன்னம் வைப்பவன் இருக்கிறான் என்றால் ஊரில் வசதியான வீடுகள் இருக்கின்றன என்று அர்த்தம். பிசின் தேனீ ஓரளவுக்காவது இல்லாத இடத்தில் இது பிழைக்கவே முடியாது. என்னைக் கேட்டால் இந்தச் சிவப்பு வயிற்றுக்காரியின் படம்தான் கூடுதல் மதிப்புள்ளது, தவறாமல் எடுத்து வையுங்கள்.

தெரியாம எம்-சீல் வச்சு அடைச்சிட்டேன். உள்ள இருக்கறது என்ன ஆகும்?

பிசின் பூச்சு எத்தனை இறுகியிருந்தாலும் உள்ளே வளர்ந்த தேனீ கடித்து வழி பண்ணிவிடும். எம்-சீலும் சிமெண்டும் அதன் தாடைக்கு மிஞ்சியவை. எடுக்க முடிந்தால் எடுத்துவிடுங்கள். உளியால் அடித்து ஆட்டாமல், ஓரத்திலிருந்து மெதுவாகக் கீறி எடுக்கலாம். பெயிண்ட் அடிக்கும்போது கூடு இருப்பது தெரிந்தால், ஒரு ரூபாய் அளவுக்கு டேப் ஒட்டிவிட்டு அடித்து, அப்புறம் டேப்பை உரித்துவிடுங்கள். பூச்சில் வட்டமாக ஒரு துளை விழுந்திருந்தால் உள்ளே இருந்தவை வெளியேறத் தொடங்கிவிட்டன என்று பொருள். அந்த வரிசையில் கடைசி அறையும் காலியாகும் வரை பொறுத்துக்கொண்டால் நல்லது.

ஜன்னலுக்கு வச்ச சிலிக்கானைச் சுரண்டுது. அதையும் பிசின்னு நினைக்குதா?

நினைக்கிறதோ இல்லையோ, எடுத்துப் பார்க்கும். கனடாவின் டொராண்டோவில் இதன் உறவுக்காரத் தேனீ ஒன்று, மரப்பிசினுக்குப் பதிலாகக் கட்டட வேலைக்குப் பூசும் பாலியூரித்தேனைக் கூட்டு அறைக்குப் பயன்படுத்தியதை 2013-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அங்கே இலைவெட்டித் தேனீ ஒன்று இலைக்குப் பதில் பிளாஸ்டிக் பையை வெட்டிக் கொண்டுபோனதையும் பார்த்தார்கள். அந்தக் கூடுகளிலிருந்தும் குஞ்சுகள் உயிரோடு வந்தன.

அதனால் பதறவேண்டாம். அதே நேரம், ‘பாருங்கள், எப்படிப் பழகிக்கொண்டது’ என்று மெச்சிக்கொள்ளவும் எனக்கு மனசில்லை. கிருமியைத் தடுக்கிற குணம் மரப்பிசினுக்கு உண்டு, ஜன்னல் சிலிக்கானுக்கு அந்தக் குணம் எங்கிருந்து வரும்?

படத்தை வச்சு இனத்தைச் சொல்லிரலாமா?

வெள்ளைப் பட்டை தெளிவாகத் தெரிந்தால் பெருமளவு சொல்லலாம். உறுதியாகச் சொல்ல தாடையின் பற்கள், முகத்தின் அமைப்பு எல்லாம் பார்க்க வேண்டும். முகத்தை நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, வாசல் பூச்சை ஒன்று எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் தேதியும் இடமும் போட்டு ஏற்றினால், தேனீ தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள். அதற்காகப் பிடித்துக் குத்தி வைக்க வேண்டாம். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் பூச்சி பிடிப்பது குற்றமும்கூட.

பழைய வீட்டை இடிக்கப் போறோம். உத்தரத்துல கூடு இருக்கு. காட்டுல கொண்டு விட்டிரலாமா?

காட்டுக்கு வேண்டாம், பக்கத்திலேயே வையுங்கள். கூடு உள்ள துண்டை இரண்டு பக்கமும் ஒரு முழம் தள்ளி அறுக்கச் சொல்லுங்கள். அறுப்பதற்கு முன்னால் மேல்பக்கம் எது என்று சாக்பீஸால் குறித்துவிட வேண்டும். களியின்மேல் முட்டை உட்கார்ந்திருக்கிறது, புரட்டினால் அது நழுவிவிடும். வண்டியில் போட்டுக் குலுக்கி எடுத்துப்போவதும் அதே காரணத்தால் கூடாது.

அதே நிலையில், வாசல் எந்தத் திசையைப் பார்த்து இருந்ததோ ஏறக்குறைய அதே திசையில், மழையும் எறும்பும் அண்டாத நிழலில் வையுங்கள். பக்கத்து வீட்டுத் தொழுவமோ மாடிப்படிக்கு அடியோ போதும். புது வீடு எழும்புவதற்குள் உள்ளே இருந்தவை வெளியேறியிருக்கும். அந்தக் கட்டையைப் பழைய மரம் வாங்குபவரிடம் தூக்கிக் கொடுத்துவிடாமல், புது வீட்டுத் தோட்டத்தில் மதில் ஓரம் சாத்தி வைத்தால் அதே துளைக்கு இன்னொன்று வரும்.